நோட்பேடு உரை: ஒரு பாடபேத ஆராய்ச்சி

மூலத்துக்கும் உரைக்கும் உள்ள உறவைப் பற்றித் தமிழில் ஆராய்ச்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கணினியில் ஒரு கோப்பின்மேல் இருமுறை சொடுக்கியதும் திறக்கிறதே ஒரு சன்னல், அதில் தெரிவது மூலமா, உரையா என்ற வினாவைப் புலவர் எவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அது உரையே என்பது இவ்வாய்வாளரின் துணிபு. அதிலும் மூலத்தைப் பார்க்காமலே எழுதப்பட்ட உரைக்குரிய இலக்கணங்கள் பல அதற்கு உண்டு.

சான்று வருமாறு. கோப்புக்குள் எழுத்து என்று ஒன்று கிடையாது. 0 முதல் 255 வரையான எண்கள் வரிசையாகக் கிடக்கின்றன. பைட்டு என்பது அவற்றின் பெயர். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணை, வெற்று டி.எக்ஸ்.டி. கோப்போடு வருவதில்லை. சன்னல்தான் ஏதோ ஓர் அட்டவணையை ஊகித்து எடுத்து, எண்களை எழுத்தாக்கிக் காட்டுகிறது. 1985-இல் முதல் விண்டோஸுடன் பிறந்த நோட்பேடே இத்துறையின் மூத்த உரையாசிரியர். இவரிடம் ஒரு குணம் உண்டு. ஏட்டில் சிதைந்த இடத்தைப் பதிப்பாசிரியர்கள் புள்ளி வைத்துக் காட்டுவார்கள். ‘பொருள் விளங்கவில்லை’ என்று அடிக்குறிப்பும் போடுவார்கள். நோட்பேடு அப்படியெல்லாம் தலைகுனிவதில்லை. விளங்காத இடத்திலும் எதையாவது அச்சிட்டு நிற்கும்.

யூனிகோடில் தட்டிய தமிழ்க் கோப்பை மேற்கு ஐரோப்பிய அட்டவணை கொண்டு திறந்தால் கிடைக்கும் பாடபேதம் தனி நூலுக்கு உரியது. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யு.டி.எஃப்.-8 முறையில் மூன்று பைட்டு. முதல் பைட்டு எப்போதும் ஒன்றே. அது தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’ ஆகிறது. இரண்டாவது, உயிருக்கும் மெய்க்கும், வட்டத்துக்குள் ‘ஆர்’ அடைபட்ட பதிவு வணிகச் சின்னமாகிறது. அதாவது அகரம் முதல் னகரம் வரை அத்தனையும் யாரோ பதிவு செய்து வைத்த சரக்கு என்பது நோட்பேட்டின் கருத்து. மூன்றாவது பைட்டில் உரையாசிரியரின் நுட்பம் தெரிகிறது. மூன்று சுழி ணகரத்துக்குப் பவுண்டு குறி தருகிறார். ‘பணம்’ என்ற சொல்லை மனத்தில் வைத்தே இப்படிச் செய்தார் எனல் வேண்டும். இரண்டு சுழி னகரத்துக்குக் காப்புரிமைக் குறி. மகரத்துக்கு மட்டும் வணிகச் சின்னம் இருமுறை. ஏன் இந்தச் சலுகை என்பது மகரக் குறுக்கம் படித்தவர்கள் ஆராய வேண்டியது. புள்ளிக்கோ சின்னமே இல்லை, மேலே ஒரு கோட்டோடு சரி. ஓலை கிழியும் என்று சுவடி எழுதியவர்களும் புள்ளியை விட்டுத்தான் எழுதினார்கள் என்பதால் இதை மரபுவழுவமைதியாகக் கொள்க.

யூனிகோடுக்கு முந்தைய பள்ளிகளின் கதை வேறு. பாமினி எழுத்துருவில் தட்டிய ‘தமிழ்’ அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி எனக் காட்சி தரும். டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு பள்ளி. ஒருவர் ஏடு மற்றவருக்கு விளங்காது. யூனிகோடையும் டேஸ்-16 என்ற குறியீட்டு முறையையும் தமிழ்நாடு அரசு 2010-இல் தரமாக அறிவித்தது. பழைய பத்திரிகைக்காரர்களையும் டி.டி.பி. கடைக்காரர்களையும் கேளுங்கள், அறிவிப்புக்கு முந்தைய உலகம் இன்னும் அவர்களுடைய வட்டுகளில் பத்திரமாக இருக்கிறது.

அடிபிரிப்பு பற்றியும் ஒரு சொல். வரி முடிந்தது என்பதற்கு விண்டோஸ் இரண்டு குறி வைக்கும். யூனிக்ஸ் ஒன்றே வைக்கும். ஆகவே யூனிக்ஸில் எழுதிய கோப்பு நோட்பேட்டில் தலைமுதல் கால்வரை ஒரே அடியாக ஓடியது. இந்தக் குறையை மைக்ரோசாஃப்ட் 2018-இல்தான் தீர்த்தது. அதுவரை 33 ஆண்டுகள் நோட்பேடு செய்யுளையும் உரைநடைபோல் தொடர்ந்தே எழுதிய ஏட்டு மரபைக் காத்துவந்தது என்று நன்றியுடன் குறிப்பிட வேண்டும்.

கோப்பின் தலைப்பில் வரும் பி.ஓ.எம். என்ற மூன்று பைட்டு, பிள்ளையார் சுழி போன்றது. சொல்லாக அதற்குப் பொருளில்லை. ‘தொடங்குகிறது, இது யூனிகோடு’ என்பதற்கு அடையாளம். அதைச் சுழியென்று அறியாத மென்பொருள்கள் இரட்டைப்புள்ளி ‘ஐ’, வலப்பக்க இரட்டை அம்பு, தலைகீழ்க் கேள்விக்குறி என்று எழுத்தெழுத்தாக ஓதிவிடும்.

இனி, அரசியல் சர்ச்சை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ‘புஷ் ஹிட் த ஃபேக்ட்ஸ்’, அதாவது புஷ் உண்மையை மறைத்தார், என்று ஆங்கிலத்தில் தட்டிச் சேமித்து மீண்டும் திறந்தால், ஆங்கிலம் போய்ச் சீன எழுத்துகளோ வெறுங்கட்டங்களோ நிற்கும். வெள்ளை மாளிகையின் சதி என்று எழுதியவர்கள் உண்டு. இவ்வாய்வாளர் அதை மறுக்கிறார். வாக்கியத்தில் இருப்பவை 18 பைட்டு. நோட்பேடு அவற்றை நிறுத்துப் பார்த்து, ‘இது இரண்டிரண்டு பைட்டாக எழுதிய யூனிகோடு’ என்று முடிவுகட்டியதால் ஒன்பது எழுத்தாயின. நான்கு, மூன்று, மூன்று, ஐந்து என எழுத்தெண்ணிக்கை அமைந்த வேறு சில அப்பாவி வாக்கியங்களுக்கும் இதே கதி நேர்ந்தது. அடுத்த விண்டோஸான விஸ்டா வந்தபோது இது திருத்தப்பட்டது. சதிக்கொள்கைக்காரர்கள் மட்டும் திருந்தவில்லை.

இதுவரை சொன்னவை யாவும் உரைப்பிழை, மூலத்துக்குச் சேதமில்லை. சரியான அட்டவணையைக் கொடுத்துத் திறந்தால் ணகரம் பவுண்டை உதறிவிட்டு எழுந்து வரும். சேதம் சேமிக்கும்போதுதான். பழைய நோட்பேட்டில் தமிழைத் தட்டி ‘ஆன்சி’ என்ற, தமிழுக்கு இடமில்லாத தேர்விலேயே சேமித்தால் அது ஒருமுறை எச்சரிக்கும். எச்சரிக்கையைப் படிக்காமல் ‘ஓகே’ அழுத்துவது நம் மரபு. மறுநாள் திறந்தால் ‘தமிழ்’ இருந்த இடத்தில் ஐந்து கேள்விக்குறிகள் இருக்கும். எழுத்து மூன்றாயிற்றே என்று வாதாடிப் பயனில்லை. இகரக் கொக்கியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுவது யூனிகோடு இலக்கணம். அந்தக் கேள்விக்குறிகளிலிருந்து மூலத்தை மீட்க எந்தப் பதிப்பாசிரியராலும் ஆகாது.

ஆகவே வாசகர்களுக்கு விண்ணப்பம்: தமிழ்க் கோப்பு அனுப்பும்போது எந்த எழுத்துரு, எந்தக் குறியீட்டு முறை என்பதையும் ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். வந்த கோப்பு வணிகச் சின்னமாகத் தெரிந்தால் பதறாதீர்கள். மூடும்போது சன்னல் ‘சேமிக்கவா?’ என்று கேட்டால், ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள்.