பத்தடி ஆழத்தில் பொன்விழா

எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் பொன்விழா. புதுக் கட்டடமா, நூலகமா என்று கேட்ட அற்பர்களை ஓரங்கட்டிவிட்டு, காலப் பெட்டகம் புதைப்பதென்று விழாக்குழு தீர்மானித்தது. பாராட்டத்தான் வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு எது செய்தாலும் நாளைக்கே குறை சொல்வார்கள். 2076-இல் வரப்போகிறவர்கள் இப்போதைக்கு வாயே திறக்க மாட்டார்கள்.

முன்னோடிகளும் உண்டு. அமெரிக்காவின் துல்சா நகரில் 1957-இல் புத்தம்புதுக் காரையே புதைத்தார்கள்; பின்னால் கிடைக்குமோ கிடைக்காதோ என்று பெட்ரோலும் கூடவே. 2007-இல் திறந்தால், தண்ணீர் புகுந்து துருவேறிய கூடு. இந்திரா காந்தி 1973-இல் செங்கோட்டையில் வருங்காலத் தலைமுறைக்கென்று புதைத்ததை, 1977-இல் அடுத்த ஆட்சியே தோண்டி எடுத்துவிட்டது. நாங்கள் விவரமானவர்கள். எவர்சில்வர் டிரம் வாங்கினோம்.

உள்ளே தாளாளர் படம். தாளாளர் சால்வை வாங்கும் படம். நன்கொடையாளர் பட்டியல், தொகை வாரியாக. பிள்ளைகள் எழுதிய கடிதங்களும் வீண்போகவில்லை. கண்ணாடிச் சட்டம் உடையாமலிருக்கச் சுற்றிலும் திணித்தோம்.

குழி வெட்டும்போது கடப்பாரை 'டங்' என்றது. வெள்ளிவிழாப் பெட்டி! அதைப் புதைத்ததே யாருக்கும் நினைவில்லை. உள்ளே ஒரே சேறு. பிளாஸ்டிக் பைக்குள் ஒரு தாள் மட்டும் பிழைத்திருந்தது: கழிப்பறை கட்டித் தரும்படி மாணவிகள் எழுதிய மனு.

வெயிலில் உலர்த்தி, தேதியை மட்டும் திருத்தி, புது டிரம்மில் வைத்து மூடிவிட்டோம்.