சானடோரியம் ஸ்டேஷன்

எக்ஸ்ரே, மைக்ராஸ்கோப், நானோ மருந்து... ஒரு காசநோய் ஆராய்ச்சியாளர் ஒன்றை மட்டும் உருப்படியாகச் செய்யக் கூடாதா?
(குரோம்பேட்டை வாசகர்)

காசநோய்க் கிருமி ஒரு துறையோடு நிற்கிறதா? நுரையீரலில் அது செய்த சேதத்தைக் காட்டுவது எக்ஸ்ரே. ஆளையே காட்டிக்கொடுப்பது மைக்ராஸ்கோப்: சீல்-நீல்சன் சாயமிட்ட சளியில், நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சி. நீளம் 2 முதல் 4 மைக்ரான், அதாவது 2,000 முதல் 4,000 நானோமீட்டர். நானோ மருந்துத் துகள் பெரும்பாலும் சில நூறு நானோமீட்டருக்குள் அடங்கிவிடும். கிருமி ஒளிந்திருப்பதோ, அந்நியத் துகளைக் கண்டால் விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லுக்குள். மருந்துத் துகளையும் அதே செல் விழுங்கும். திருடன் வீட்டுக்கே பார்சல்! காசநோய்க்கு நானோ மருந்து இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துச் சரக்குதான்.

சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கினால் சானடோரியத்தைக் காணோமே?
(செலையூர் வாசகர்)

இருக்கிறது, அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக. 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கியபோது காற்றும் ஓய்வுமே மருந்து. வீட்டிலிருந்தே மாத்திரையால் குணமாகலாம் என்று 1959-இல் வெளியான சென்னை ஆய்வு காட்டியதும், உலகெங்கும் சானடோரியங்களுக்கு மவுசு போனது. ஸ்டேஷன் பெயர் மட்டும் தப்பித்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், அங்கேயே இறங்கிச் சளியைப் பரிசோதித்துவிடுங்கள்.