திருத்தணிப் புன்னகை: ஓர் எல்லைப் பிரச்சினை

புன்னகை மனிதரை இணைக்கிறது என்று தினசரி நாள்காட்டிகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. எதற்குப் பதிலாக, எவ்வளவு நேரம் என்பதை அவை ஆராய்ந்ததில்லை. இக்குறையைப் போக்க ஏற்ற களம் திருத்தணி. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போன ஊர் அது. ம.பொ.சி. முதலியோரின் போராட்டம், எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரை, 1959ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாம் கடந்து, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. கோடு இடம் மாறியது, வாடிக்கை மாறவில்லை. மலையடிவாரப் பூக்கடையின் முன் நிற்பவர் ஆந்திரத்து நகரிக்காரரா, தமிழ்நாட்டு அரக்கோணத்துக்காரரா என்பது அவர் பேசும்வரை தெரியாது. தமிழில் ‘வாங்க’ என்பதா, தெலுங்கில் ‘ரண்டி’ என்பதா? மொழி பிசகினால் வியாபாரம் கெட்டுவிடாது. ஆனால் முழம் போடும்போது ஒரு சிறு மனத்தாங்கல் உள்ளே புகுந்துவிடும். ஆகவே கடைக்காரர் சிரிக்கிறார். வந்தவர் வாய் திறக்கிறார். சிக்கல் தீர்ந்தது. இங்கே புன்னகை அன்பின் வெளிப்பாடு அன்று, மொழி முடிவாகும்வரை நிலவும் இடைக்கால ஏற்பாடு என்பதே இவ்வாய்வின் துணிபு. அரசுகளுக்கு ஆறரை ஆண்டு பிடித்த வேலையை அது இரண்டு நொடியில் முடிக்கிறது.

இது போலிச் சிரிப்பாயிற்றே என்பார்கள். 1862இல் பிரெஞ்சு மருத்துவர் டூஷென், உண்மைச் சிரிப்பில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும் என்றார். சித்திரை வெயிலில் திருத்தணியில் எல்லாருக்கும் அந்தத் தசை சுருங்கித்தான் இருக்கிறது. எனவே டூஷென் அளவுகோலின்படி அங்கே போலிச் சிரிப்புக்கே இடமில்லை. தொல்காப்பியர் நகைக்குச் சொன்ன எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கில் ‘சில்லறை இல்லாமை’ இல்லையே என்று புலவர்கள் மறுக்கலாம். இருபது ரூபாய்ப் பூவுக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுபவரின் சிரிப்பு பேதைமையில் அடங்கும். அதை வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பவரின் சிரிப்பு எள்ளலில் அடங்கும். (க்யூஆர் அட்டை வந்தபின் இரண்டும் அருகிவருகின்றன, ஆய்வாளர்கள் விரைவது நல்லது.) பேனாவைப் பல்லில் கடித்து முகத்தைச் சிரிக்கவைத்தால் மனமும் மகிழும் என்ற 1988ஆம் ஆண்டு ஆய்வு, 2016இல் பதினேழு ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது நிற்கவில்லை. நிற்காமல் போனால் நமக்கென்ன? பூக்காரர் மகிழ்கிறார் என்று இக்கட்டுரை எங்கும் சொல்லவில்லை.

கோயிலும் நம் பக்கமே சாட்சி சொல்கிறது. முருகன் சினம் தணிந்து அமர்ந்த தலம் என்பதால் கந்தசஷ்டியில் இங்கே சூரசம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலிதான். சண்டைக்குப் பதிலாகப் பூ என்ற ஏற்பாட்டால் லாபமடைவது யார் என்பதை வாசகரே ஊகிக்கலாம். எஞ்சியிருக்கும் வலுவான மறுப்பு ஒன்றுதான்: 365 படிகளின் நடுவே எதிர்ப்படுவோர் யாரும் யாரைப் பார்த்தும் சிரிப்பதில்லை. இது துணிபை உடைக்கவில்லை, உறுதிசெய்கிறது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவது இரண்டு மாநிலத்தாருக்கும் ஒரே மொழி. அங்கே இடைக்கால ஏற்பாடு எதற்கு?