மண் தொட்டிக்கு சிமென்ட் பூசியாச்சு

(சேத்துப்பட்டில் ஒரு நெசவு வீட்டுத் திண்ணை. மே மாதம், பள்ளிக்கூடங்கள் பிள்ளை பிடிக்கும் பருவம். ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருக்கும் ஆயாவிடம் 'ப்ளே ஸ்கூல்' தாளாளர் நோட்டீஸை நீட்டுகிறார். கூடவே அவர் மகன், ஷூவும் டையுமாக. திண்ணைக்குக் கீழே ஆயாவின் பேரன் காலித் தார்க்குச்சிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறான்.)

தாளாளர்: பேரனுக்கு நாலு வயசாச்சே ஆயா, இன்னும் சும்மா விட்டு வெச்சிருக்கீங்க! நம்மகிட்ட எல்லாமே விளையாட்டு வழிக் கல்வி. மாண்டிசோரி அம்மையார் தெரியுமா? 1939-லயே அடையாறுக்கு வந்து வாத்தியாருங்களுக்குப் பயிற்சி குடுத்தவங்க. அவங்க படத்தை வாசல்லயே மாட்டியிருக்கோம்.

ஆயா: மாலை போட்டா, போடாமயா?

தாளாளர்: போட்டுத்தான்.

ஆயா: அதான பாத்தேன். சரி, இன்னா விளையாட்டு கீது?

தாளாளர்: மண் விளையாட்டு. மண்ணை அளைஞ்சாதான் விரல் பலப்படும், அப்புறம்தான் பென்சில் நிக்கும். தொட்டி கட்டி மணல் கொட்டினோம். யூனிஃபார்ம் அழுக்காகுதுன்னு பெத்தவங்க சண்டைக்கு வந்துட்டாங்க. சிமென்ட் பூசிட்டோம்.

ஆயா: சறுக்குமரம்?

தாளாளர்: கவர் போட்டுப் பத்திரமா இருக்கு. அட்மிஷனுக்கு யாராவது பாக்க வந்தா திறப்போம்.

ஆயா: அப்ப புள்ளைங்க இன்னாதான் செய்யும்?

தாளாளர்: எழுதும். ஒண்ணுலருந்து நூறு வரைக்கும். தினம் ரெண்டு பக்கம் வீட்டுக்கும் குடுத்தனுப்புவோம்.

ஆயா: வீட்டுப்பாடம் கூடாதுன்னு 2018-ல ஐகோர்ட்டு சொல்லிச்சாமே? எம் மருமவ அங்கன்வாடியில வேலை பாக்கறா, அவ சொன்னா.

தாளாளர்: அது ஒண்ணாவது, ரெண்டாவதுக்கு ஆயா. நம்மது எல்.கே.ஜி.! தீர்ப்புல எங்க பேரே இல்ல.

(சட்டத்தில் சந்து தேடுவதும் ஒருவகைக் கண்ணாமூச்சிதான். அது எந்த வளர்ச்சிக்கு உதவும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.)

ஆயா: எம் பேரன் இன்னா பண்றான், பாரு சார்.

தாளாளர்: குப்பையைக் கிளறிக்கிட்டிருக்கான்.

ஆயா: அது நெல்லு வாங்கி விக்கற கமிட்டி. தார்க்குச்சிங்க மூட்டை, அட்டைப்பெட்டி லாரி. நேத்து இவன் வியாபாரி, வெலய அடிச்சுப் பேசினான். இன்னிக்கு விவசாயி. கட்டுப்படியாவலன்னு மூட்டையத் திருப்பி ஏத்தறான். எதிராளி மனசுல இன்னா ஓடுதுன்னு நெனச்சுப் பாக்காம இந்தப் பேச்சு வருமா? சாயங்காலம் அவங்க அக்காகூட பல்லாங்குழி. குழியில நாலு முத்து சேந்தா பசு, எடுத்துக்கலாம். எண்ணிப் பாக்காமலே நாலைக் கண்ணால புடிக்கறான். மொத நாளு தோத்ததும் பலகையக் கவுத்தான். இப்ப தன் முறை வர்ற வரைக்கும் உக்காந்துக்கறான். அதுக்கு நீங்க எத்தினி தடவ 'கைய கட்டு, வாயப் பொத்து'ன்னு கத்தணும்?

தாளாளர்: இதெல்லாம் ரிப்போர்ட் கார்டுல காட்ட முடியாதே! பெத்தவங்க நோட்டைத்தான் பொரட்டிப் பாக்கறாங்க. பக்கம் வெள்ளையா இருந்தா அடுத்த வருஷம் வேற ஸ்கூல். நான் சம்பளம் எங்கருந்து குடுக்கறது?

ஆயா: அது நெஜந்தான். பெத்தவங்களும் கூட்டாளிங்கதான். ஆனா ஒண்ணு கேளு. எனக்கு ஏழு வயசுல எங்கப்பா மொதலாளிகிட்ட முன்பணம் வாங்கிட்டு என்ன தறியில உக்கார வெச்சாரு. கரை நாடா தள்ற வேல. விடியக் குந்தினா பொழுது சாயத்தான் எழுந்திரிக்கலாம். தெருவுல நொண்டி ஆடற சத்தம் காதுல வுழும், கண்ணு நாடா மேலயே இருக்கணும்.

தாளாளர்: ஐயோ, அது குழந்தைத் தொழில் ஆயா! 1986-லயே சட்டம் போட்டாச்சு. நாங்க குடுக்கறது கல்வி.

ஆயா: ஒரே எடத்துல குந்தணும், பேசக் கூடாது, கையி மட்டும் ஓடிக்கினே இருக்கணும். எனக்காவது கூலின்னு ஏதோ குடுத்தாங்க. நீங்க ஃபீஸு வாங்கறீங்க.

தாளாளர்: (பேச்சை மாற்ற அவசரமாகத் திரும்பி) ஆமா, என் பையன் எங்க?

ஆயா: வந்ததும் தள்ளி நின்னு வேடிக்க பாத்தான். அப்பால பக்கத்துல குந்திக்கினு தனியா நாலு குச்சி அடுக்கினான். இப்ப லாரிக்கு அவன்தான் டிரைவரு.

தாளாளர்: (வாய் தவறி) பார்ட்டன்! மில்ட்ரெட் பார்ட்டன், 1932! வேடிக்கை பாக்கறது, பக்கத்துல தனியா ஆடறது, அப்புறம் சேர்ந்து ஆடறது. டிப்ளமோவுல பத்து மார்க் கேள்வி ஆயா. இதை நேர்ல நான் பார்த்ததே இல்ல.

ஆயா: பெஞ்சுல வரிசையா குந்த வெச்சா எங்கருந்து பாப்பீங்க?

தாளாளர்: டேய், எழுந்திரு! ஷூ அழுக்காகுது!

மகன்: லோடு இன்னும் எறங்கலப்பா.

தாளாளர்: ஆயா, அட்மிஷன் ஃபாரத்துல ஒரு கையெழுத்து மட்டும்...

ஆயா: இவன அங்கன்வாடியில போட்டுட்டேன் சார். அங்க பாடத்திட்டத்துக்குப் பேரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. மழை வந்தா கூரை ஒழுவுது, அதுக்கு மருமவ மனு குடுத்துருக்கா. மத்தியானம் சோறு, முட்டை உண்டு. ஃபீஸு கெடையாது. உங்க புள்ளயயும் கொண்டாந்து வுடுங்க.