ஷூ பாலீஷ் மேடையில் ஒரு செனட்டர்

ஜார்ஜ் வாஷிங்டன் பிளங்கிட் என்று பெற்றோர் பெயர் வைத்தார்கள். அசல் ஜார்ஜ் வாஷிங்டன் பொய்யே சொல்லாதவர் என்று அமெரிக்காவில் குழந்தைகளுக்குக் கதை சொல்வார்கள். பெயர் ராசி பலித்தது. இந்த வாஷிங்டனும் பொய் சொல்லவில்லை. அரசியலில் எப்படிக் காசு பார்த்தேன் என்பதை, கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

1842-இல் நியூயார்க்கில் பிறந்தவர். பிறந்த இடம் இப்போது சென்ட்ரல் பார்க்குக்குள் கிடக்கிறது. கறிக்கடைப் பையன், கடை முதலாளி, காண்ட்ராக்டர், கடைசியில் பெரும் பணக்காரர். இடையிடையே மக்கள் சேவை. 1870-இல் மாநில சட்டமன்ற உறுப்பினர், நகரசபை உறுப்பினர், போலீஸ் மாஜிஸ்திரேட், கவுண்டி மேற்பார்வையாளர் என நான்கு பதவிகளில் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, மூன்றுக்குச் சம்பளம் வாங்கினார். நான்காவது சம்பளத்தை எப்படி விட்டார் என்பதுதான் அவர் வரலாற்றில் எனக்குப் புரியாத இடம்.

கட்சி, டாமனி ஹால். 1789-இல் ஒரு சங்கமாகத் தொடங்கி, ஒரு செவ்விந்தியத் தலைவரின் பெயரைச் சூடிக்கொண்டு, நியூயார்க் நகரின் ஜனநாயகக் கட்சியையே விழுங்கிவிட்ட அமைப்பு. அதன் பழைய தலைவர் ட்வீட், கவுண்டி நீதிமன்றக் கட்டடம் ஒன்று கட்டினார். இரண்டரை லட்சம் டாலரில் முடிந்திருக்க வேண்டிய வேலை ஒரு கோடியைத் தாண்டியது. ட்வீட் சிறைக்குப் போய் 1878-இல் அங்கேயே செத்தார். அந்த நீதிமன்றத்தில் ஷூ பாலீஷ் போடுகிற ஒருவரின் மேடை இருந்தது. அதன்மேல் கால்நீட்டி உட்கார்ந்துதான் மாநில செனட்டர் பிளங்கிட் தன் அரசியல் தத்துவத்தை அருளினார். ரியோர்டன் என்ற பத்திரிகைக்காரர் குறித்துக்கொண்டு, 1905-இல் புத்தகமாகப் போட்டார். கொள்ளையின் நினைவுச் சின்னத்துக்குள் உட்கார்ந்துகொண்டு கொள்ளைக்கு இலக்கணம் சொல்லியிருக்கிறார். இதைவிடப் பொருத்தமான வகுப்பறை கிடைத்திருக்காது.

அந்த இலக்கணப்படி, வசூல் இரண்டு வகை. சூதாட்டக்காரனையும் சாராயக்கடைக்காரனையும் மிரட்டி மாமூல் வாங்குவது ஈனத்தனம். அதைத் தான் தொட்டதே இல்லை என்றார். நேர்மையான வசூல் வேறு. நகராட்சி எங்கோ ஒரு பூங்கா போடப்போகிறது என்று கட்சிக்காரர் காதில் போடுவார். பிளங்கிட் போய் அந்தப் பொட்டல் நிலத்தை அடிமாட்டு விலைக்கு வளைப்பார். அறிவிப்பு வந்ததும் நகராட்சிக்கே நல்ல விலைக்குக் கொடுப்பார். கஜானாவில் யாரும் கை வைக்கவில்லை. கஜானா தானாக நடந்து வந்தது. சட்டப்புத்தகத்தில் இல்லாத குற்றத்தைச் செய்துகொள்ளத் தெரியாதவன்தான் ஜெயிலுக்குப் போகிறான் என்பது அவருடைய வாதம். ட்வீட்டைப் பற்றிய விமர்சனமாகவும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

பழைய தெருக்கல் ஏலக் கதையை அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். நகராட்சி இரண்டரை லட்சம் கருங்கற்களை ஏலம் விட்டது. இந்த ஆளுக்கு மலிவாகப் போய்விடக் கூடாது என்று ஒரு பத்திரிகை வெளியூர் ஆட்களைக் கிளப்பிவிட்டது. பிளங்கிட் ஒவ்வொருவரிடமும் போனார். எத்தனை கல் வேண்டும்? ஒருவருக்கு இருபதாயிரம், இன்னொருவருக்குப் பதினைந்தாயிரம். பேசாமல் இருங்கள், நீங்கள் கேட்டது இலவசமாக வீட்டுக்கு வரும் என்றார். ஏலக்காரர் தொண்டை கிழியக் கத்தினார். எதிரில் சுத்தமான மௌனம். மொத்தக் கல்லும் இரண்டரை டாலருக்கு முடிந்தது. நம்மூரில் இதற்குச் சிண்டிகேட் என்று பெயர். ஆனால் நம்மூர் சிண்டிகேட்காரர் யாரும் இதைப் பத்திரிகைக்காரரை உட்காரவைத்துச் சொன்னதாக நினைவில்லை.

சட்டமன்றத்தில் ஒன்றும் செய்யாதவர் என்று சொல்லவும் முடியாது. பிராங்க்ஸ் பகுதிப் பூங்காக்கள், ஹார்லெம் ஆற்றின் மேல் வாஷிங்டன் பாலம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் விரிவாக்கம் என அவர் கொண்டுவந்த மசோதாக்களின் பட்டியல் நீளம். பணக்காரர்கள் குதிரைவண்டி விரட்டிப் பொழுதுபோக்க, ஆற்றோரமாக ஒரு வேகச்சாலையும் உண்டு. பூங்காவும் பாலமும் இன்றும் மக்களுக்குப் பயன்படுகின்றன. பாலம் வரும் இடம் யாருக்கு முதலில் தெரியும் என்ற கேள்வியை மட்டும் கேட்காமல் இருந்தால், நல்ல சட்டமன்ற உறுப்பினர்.

அவருக்குத் தீராத பகை ஒன்றுண்டு: தேர்வு வைத்து அரசு வேலை கொடுப்பது. 1881-இல் வேலை கிடைக்காத ஒருவன் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டான். இரண்டே ஆண்டில் மத்திய அரசும் நியூயார்க் மாநிலமும் தேர்வுச் சட்டங்கள் கொண்டுவந்தன. மாநிலச் சட்டத்துக்கு முன்நின்றவர்களில் ஒருவர், சட்டமன்றத்தில் இளைஞராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட். மறு ஆண்டு பிளங்கிட் மாநில செனட்டுக்குள் நுழைந்து, அந்தச் சட்டத்தைச் சபித்தபடியே இருந்தார். தெருவில் வேலை பார்க்க வருகிறவனிடம் எகிப்து மம்மிகளைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. இதோடு விட்டிருந்தால் பாதிப் பேர் கைதட்டியிருப்போம். அவரோ தேசபக்திக்கே ஆபத்து என்றார். தன் தொகுதியில் கொடியைக் கண்டாலே சிலிர்க்கும் பையன் ஒருவன் இருந்தானாம். தேர்வில் தோற்றான். விரக்தியில் கியூபாவுக்குப் போய், ஸ்பெயின் படையில் சேர்ந்து, சொந்த நாட்டுக்கு எதிராகச் சண்டையிட்டுச் செத்தானாம். கட்சிக்கு உழைத்தவனுக்கு வேலை கிடைக்காவிட்டால் அவன் எதற்கு நாட்டை நேசிக்க வேண்டும் என்பது வாதம். கதையை நம்ப வேண்டியதில்லை. வாதத்தை அவர் முழுமனதாக நம்பினார்.

டாமனியின் தேசபக்திக்குச் சான்றும் வைத்திருந்தார். ஜூலை 4-ஆம் தேதி, கொதிக்கும் வெயிலில், கட்சி மண்டபத்தில் கூட்டம் நெரியும். சுதந்திரப் பிரகடனத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிப்பார்கள். பிறகு மணிக்கணக்கில் சொற்பொழிவு. கீழ்த்தளத்தில் நூறு பெட்டி ஷாம்பெயினும் இருநூறு பீப்பாய் பீரும் காத்திருப்பது அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள். இந்தத் தவத்துக்கு மேல் என்ன தேசபக்தி வேண்டும் என்று கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை.

சிரிப்பு அடங்குகிற இடம் ஒன்று அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. அவருடைய ஒரு நாள் அது. இரவு இரண்டு மணிக்கு அழைப்புமணி ஒலிக்கிறது, மதுக்கடைக்காரர் ஒருவரை ஜாமீனில் எடுக்கப் போகிறார். ஆறு மணிக்கு எங்கோ தீ. வீடிழந்தவர்களை விடுதியில் சேர்த்து, துணியும் சோறும் ஏற்பாடு செய்கிறார். எட்டரைக்குக் கோர்ட்டில் ஆறு குடிகாரர்கள். நீதிபதி காதில் ஒரு சொல் போட்டதில் நான்கு பேர் விடுதலை, மற்ற இருவருக்கு அபராதத்தை இவரே கட்டுகிறார். வாடகைக்காகத் தெருவுக்குத் தள்ளப்படும் குடும்பத்துக்கு வாடகை. வேலை கேட்டு வந்த நால்வருக்கு வேலை. பிற்பகலில் ஓர் இத்தாலியர் சாவு, அப்புறம் ஒரு யூதர் சாவு. இரவு சர்ச் திருவிழாவில் ஐஸ்கிரீம், யூதர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. நள்ளிரவில் படுக்கை.

தொண்டு நிறுவனத்துக்குப் போனால், நீ ஏழைதானா என்று விசாரித்துச் சொல்ல ஓரிரு மாதம் ஆகும், அதற்குள் ஆள் செத்திருப்பான் என்பது பிளங்கிட்டின் கேலி. உதவிக்கான செலவு எங்கிருந்து வந்தது என்று தீயில் வீடு போனவன் கேட்கமாட்டான். பூங்கா நிலத்தில் பெருந்தொகை எடுத்தவர் விடுதி வாடகையாகச் சில்லறையைத் திருப்பித் தந்தார். அவன் ஓட்டுப் போட்டான். டாமனியை எதிர்த்த சீர்திருத்தக்காரர்களோ சாப்பாட்டுக்குப் பின் அரசியலைத் திருத்த வந்தவர்கள். 1901-இல் சேத் லோ என்பவரை மேயராக்கிக் காட்டினார்கள். அடுத்த தேர்தலிலேயே டாமனி திரும்பி வந்துவிட்டது.

பிளங்கிட்டுக்கு 1904-இல் செனட் பதவி போனது. 1905-இல் தொகுதித் தலைமையும் போனது. தலைமையைப் பறித்தவர் தேர்வெழுதி வந்தவரல்ல. தானே தூக்கிவிட்டதாக பிளங்கிட் சொல்லிக்கொண்ட தாமஸ் மக்மானஸ்தான். மேடையேறி நன்றிகெட்ட உலகைப் பற்றிப் புலம்பினார். புரூட்டஸிடம் ஏமாந்த சீசர் வரிசையில் தன்னை நிறுத்தினார். மகள்கள் கைவிட்ட லியர் மன்னனையும் துணைக்கு அழைத்தார்; ஆனால் பெயரை ‘லியரி’ ஆக்கி, அயர்லாந்துக்காரராகவே மாற்றிவிட்டார். 1924-இல் இறக்கும்வரை அந்தத் தொகுதி அவரிடம் திரும்பவில்லை. மக்மானஸ் குடும்பம் இருபத்தோராம் நூற்றாண்டு வரை அதைக் கையில் வைத்திருந்தது.