வந்த வரியை வேண்டாம் என்ற அரசு

கேள்வி: பெரிய நிறுவனங்கள் அரசை ஏமாற்றி வரியைத் தவிர்க்கின்றனவா, அரசே வழிவிடுகிறதா?

பதில்: வாசற்கதவே திறந்திருந்தால் யார் சுவரேறிக் குதிப்பார்கள்? அயர்லாந்தைப் பாருங்கள். 2014-இல் அங்கே நிறுவன வரி 12.5 சதவீதமாக இருந்தது. ஆனால், ஆப்பிளின் ஐரோப்பிய லாபத்துக்கு அந்த ஆண்டு விழுந்த வரி 0.005 சதவீதம்தான் என்று ஐரோப்பிய ஆணையம் கணக்கிட்டது. அதாவது, 10 லட்சம் யூரோ லாபத்துக்கு 50 யூரோ! லாபத்தின் பெரும்பகுதியை ஒரு ‘தலைமை அலுவலக’த்தின் பெயரில் எழுதினார்கள். அந்த அலுவலகத்துக்கு ஊழியரும் இல்லை, கட்டடமும் இல்லை. 1991-லும் 2007-லும் இந்தக் கணக்குக்குத் தலையாட்டியது அயர்லாந்து வரித்துறையேதான்.

ஆப்பிளிடம் 1,300 கோடி யூரோ வரிப் பாக்கியை வசூலிக்கும்படி 2016-இல் ஆணையம் உத்தரவிட்டதும், அதை எதிர்த்து ஆப்பிளோடு அயர்லாந்து அரசும் வழக்குக்குப் போனது. முதலீடு போய்விடுமோ என்ற பயம்! 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ஆணையத்தின் உத்தரவை உறுதிசெய்தது.

பந்தியில் எல்லாரும் மொய் எழுத, பெரிய இலை போட்டுச் சாப்பிட்டவர் மட்டும் கைகழுவிவிட்டுக் கிளம்புவது அநியாயம். அவருக்குச் செருப்பு எடுத்துக்கொடுப்பது அரசின் வேலை அல்ல.