பழைய இரும்புக் கடை

கட்டில் கால் இடித்துக் கன்றிப்போன இடம் முதலில் நீலம், நாலு நாளில் பச்சை, அப்புறம் மஞ்சள்! உடம்புக்குள் என்ன பெயின்ட் கடையா நடக்கிறது?

பெயின்ட் கடை இல்லை, பழைய இரும்புக் கடை! தோலுக்கடியில் கசிந்த ரத்தத்தில் உள்ள ஹீம் என்ற இரும்பு கலந்த நிறமியை உடைத்தால் வருவது பச்சை நிற பிலிவெர்டின். அது மாறினால் மஞ்சள் நிற பிலிரூபின். கிடைத்த இரும்பை உடம்பு வீணாக்குவதில்லை. புது ரத்தம் ஊறுவதற்கு எடுத்து வைத்துக்கொள்கிறது. சுமார் 120 நாளில் ஆயுள் முடியும் ஒவ்வொரு சிவப்பணுவிடமும் இதே வசூல்தான்.

ரத்தக் குழாய்க்குள்ளேயே சிவப்பணு உடைந்து ஹீமோகுளோபின் சிந்தினால், ஹாப்டோகுளோபின் என்ற புரதம் ஓடிவந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும், சிறுநீரகம் தப்பிக்கும். அதன் கையிருப்பு தீர்ந்தால் சிறுநீர் கடுங்காப்பி நிறமாகும். அன்றைக்குக் கேள்வியை எனக்கு அனுப்பாதீர்கள். உடனே டாக்டரிடம் போங்கள்.